மூழ்கிய கப்பல் ஊருக்கே சோறு போடுது!

கடலில் மூழ்கிப்போன கப்பலால் யாருக்கு என்ன லாபம்? பழைய இரும்புக்கடைக்காரர்கூட திரும்பிப் பார்க்க மாட்டார் என்றுதானே நினைப்போம்! ஆனால், இந்தோனேசியாவின் பாலித் தீவில் துலாம்பென் என்று ஒரு சின்னக் கடலோரக் கிராமம். அங்கே மூழ்கிக் கிடக்கும் ஒரு பழைய கப்பலை நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அந்த அடுப்புக்காக உழைப்பவர்களில் நம்மைப் போன்ற பெண்களும் இருக்கிறார்கள் என்பதுதான் விசேஷம்.

முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி, மீனையும் பவளப் பாறையையும் பார்ப்பதற்கு 'ஸ்கூபா டைவிங்' என்று பெயர். டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். உலகத்தில் எங்கெங்கிருந்தோ அதற்காகவே துலாம்பெனுக்கு வருகிறார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு இந்தப் பைத்தியம் உண்டு. 2024 மே மாதம் பள்ளி விடுமுறையில், இரண்டு வருஷமாகப் போட்ட சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு நாங்களும் அவனோடு போய்வந்தோம். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் தோழிகளோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கடிதம்.

கரையேறிய கப்பல் கடலுக்குப் போன கதை

அந்தக் கப்பலின் பெயர் 'லிபர்ட்டி'. சுதந்திரம் என்று அர்த்தம். 1918-ல் அமெரிக்காவில் கட்டிய சரக்குக் கப்பல். நீளம் சுமார் 120 மீட்டர். ஐந்து ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு!

இரண்டாம் உலகப் போர் சமயம். ரயில் தளவாடங்களையும் ரப்பரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1942 ஜனவரி 11 அன்று பாலிக்குப் பக்கத்தில் உள்ள லொம்போக் ஜலசந்தி அருகே, ஜப்பான் நாட்டு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று குண்டு வீசித் துளைத்துவிட்டது. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றும் டச்சுப் போர்க்கப்பல் ஒன்றும் சேர்ந்து, அதை வடக்குப் பாலியில் உள்ள துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தன. முடியவில்லை. தண்ணீர் உள்ளே ஏற ஏற, இனி தாங்காது என்று துலாம்பென் கரையில் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்கள். சரக்கையாவது காப்பாற்றலாமே என்றுதான்!

அப்புறம் 21 வருஷம் அந்தக் கப்பல் கரையிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. உபயோகப்படுவதையெல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். வெறும் கூடுதான் மிச்சம்.

துலாம்பென் ஊருக்கு முதுகுப்பக்கம் நிற்பது ஆகுங் மலை. பாலி மக்கள் தெய்வமாகக் கும்பிடுகிற எரிமலை. 1963-ல் அது வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. வயல், தோப்பு எல்லாம் நாசம். அந்த நில அதிர்ச்சியில்தான் கரையில் கிடந்த கப்பல் உருண்டு, பக்கவாட்டில் சாய்ந்தபடி கடலுக்குள் போய்விட்டது. ஊரே அழுதுகொண்டிருந்த நேரத்தில், கப்பல் போனதைப் பற்றி யார் கவலைப்பட்டிருப்பார்கள்?

ஆனால், கரையில் கிடந்தவரைக்கும் எதற்கும் ஆகாத அந்த இரும்புக்கூடு, தண்ணீருக்குள் போனதும் உயிர் பெற்றுவிட்டது. பவளப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டன. கடற்பஞ்சு வளர்ந்தது. ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதே என்று சின்ன மீன்கள் வந்தன. அதைத் தின்னப் பெரிய மீன்கள் வந்தன. மீனைப் பார்க்க மனுஷர்கள் வந்தார்கள். கரையிலிருந்து 30 மீட்டர் தூரத்திலேயே கப்பல் ஆரம்பமாகிவிடுகிறது. மேல்பகுதி 5 மீட்டர் ஆழத்தில், அடிப்பகுதி சுமார் 30 மீட்டர் ஆழத்தில். படகே வேண்டாம், கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். கடலுக்கு அடியில் கிடக்கிற கப்பல்களில் இவ்வளவு சுலபமாகப் பார்க்கக்கூடியவை குறைவு என்கிறான் தம்பி.

தலையில் சும்மாடு, அதன்மேல் சிலிண்டர்

துலாம்பென் கரையில் மணல் குறைவு. எரிமலை தந்த கருங்கற்கள்தான், உருண்டை உருண்டையாக, வழவழவென்று. கையை வீசிக்கொண்டு நடந்தாலே கால் பிசகும். அந்தக் கல்லின்மேல், துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, தலையில் சிலிண்டரைச் சுமந்துகொண்டு பெண்கள் நடந்து வருகிறார்கள் பாருங்கள்... அடேயப்பா!

காற்று நிரப்பிய ஒரு சிலிண்டர் சுமார் 16 கிலோ. அதை ஒரே நடையில் இரண்டாகத் தூக்குகிறார்கள். நம் வீட்டு காஸ் சிலிண்டர் நிரம்பியிருந்தால் 30 கிலோ வரும். அதைத் தலையில் வைத்துக் கடற்கரைக் கல்லில் நடப்பதாக நினைத்துப் பாருங்கள்! பிடிக்கக்கூட மாட்டேன் என்கிறார்கள், ஒரு கையை லேசாக வைத்துக்கொண்டு பேசிச் சிரித்தபடி போகிறார்கள். குடமும் புல்லுக்கட்டும் சுமந்த நம் கிராமத்துப் பெண்களின் நடை அப்படியே அங்கே இருக்கிறது.

காலையில் வேலைக்கு வருமுன், ஓலையில் பின்னிய சின்னத் தட்டில் பூ வைத்து சாமிக்குப் படைக்கிறார்கள். பாலியில் பெரும்பாலோர் இந்துக்கள். தினசரிப் படையல் பெண்கள் கையால்தான். கோலம் போட்டுவிட்டு வாசலில் நிற்கிற நம் வீட்டுக் காலைப்பொழுது மாதிரியே இருந்தது எனக்கு.

என் வயசுள்ள ஒரு பெண்ணிடம் வழிகாட்டி மூலமாகப் பேசினேன். அங்கே பெண்களை மரியாதையாக 'இபு' என்று கூப்பிடுகிறார்கள். அம்மா என்று அர்த்தம். கழுத்து வலிக்காதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, சிலிண்டர் வராத நாளில்தான் வலி அதிகம் என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு வழிகாட்டி விளக்கினார். 2017-ல் ஆகுங் மலை மறுபடி புகைய ஆரம்பித்தது. லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வீட்டைவிட்டு வெளியேறி முகாம்களில் தங்கினார்கள். அந்த நவம்பரில் விமான நிலையத்தையே மூடினார்கள். எரிமலைக்குக் கிட்டத்தில் உள்ள துலாம்பெனுக்கு யார் வருவார்கள்? அது அடங்கி ஊர் எழுந்திருக்கும்போது 2020-ல் கொரோனா. இரண்டு வருஷம் வெளிநாட்டார் வரத்து நின்றுபோனது. கப்பல் இருக்கிறது, மீன் இருக்கிறது, சுமக்கத்தான் சிலிண்டர் இல்லை. மற்றவர்கள் உல்லாசமாகப் பார்த்துவிட்டுப் போகிற ஒன்று, இவர்களுக்கு அரிசியும் பள்ளிக்கூடச் சம்பளமும் என்பது அப்போதுதான் உறைத்தது.

பையை யார் பார்த்துக்கொள்வது?

எந்தக் கடற்கரைக்குப் போனாலும் நமக்கு என்று ஒரு வேலை உண்டு. அவரும் பிள்ளைகளும் தண்ணீரில் ஆட்டம் போட, நாம் செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது! துலாம்பெனிலும் அப்படித்தான் ஏற்பாடு. என் கணவரும் 12 வயது மகனும் இறங்குவார்கள், நான் கரையில்.

முதல்முறை இறங்குகிறவர்களுக்கு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. சர்டிபிகேட் கோர்ஸ் எதுவும் வேண்டாம். பத்து வயது நிரம்பியிருந்தால் போதும். ஆழமில்லாத தண்ணீரில் சொல்லிக்கொடுத்துவிட்டு, பயிற்சியாளர் கூடவே கூட்டிப்போவார். 12 மீட்டருக்குக் கீழே போகவிட மாட்டார்கள். ஆனால், அதற்கு முன்னால் ஒரு படிவம் தருகிறார்கள். ஆஸ்துமா உண்டா, இருதய நோய் உண்டா, காதில் ஆபரேஷன் ஆயிற்றா என்று வரிசையாகக் கேள்விகள். ஒன்றுக்கு 'ஆம்' என்று எழுதினாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் இறங்க முடியாது.

இவருக்குச் சின்ன வயசிலிருந்து வீசிங். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். 'இல்லை' என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் உண்மையைத்தான் எழுதினார். பயிற்சியாளர் பணிவாக மறுத்துவிட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். "அக்கா, ஊர்க் கிணத்துல அந்தக் குதி குதிச்சவதானே நீ? நீ இறங்கு."

"எனக்கு எதுக்குடா இதெல்லாம்?" என்றேன்.

இவர் என் தோளில் இருந்த பையை வாங்கிக்கொண்டார். "நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

உடுப்பைப் பற்றித்தான் எனக்குக் கூச்சம். அதற்கும் வழி இருந்தது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடுகிற தடித்த ரப்பர் உடுப்பு தருகிறார்கள். உள்ளே முழுக்கை டீ-ஷர்ட், லெக்கின்ஸ் போட்டுக்கொள்ளலாம். சுடிதாரைவிட அடக்கமாகத்தான் இருந்தது.

மூச்சை அடக்கக் கூடாது!

எங்கள் தூத்துக்குடிப் பக்கம் அந்தக் காலத்தில் முத்துக் குளித்தவர்கள், கல்லின் கனத்தோடு சரசரவென்று இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி அள்ளுவார்கள். மேலே கயிற்றைப் பிடிக்க மச்சானை நிறுத்துவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஸ்கூபாவில் எல்லாம் தலைகீழ். முதல் பாடமே 'மூச்சை அடக்காதே' என்பதுதான்.

காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலரும் நினைக்கிறோம். இல்லை, நாம் சுவாசிக்கிற சாதாரணக் காற்றுதான், அமுக்கி அடைத்தது. பத்து மீட்டர் ஆழத்தில் நம்மேல் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வர வர, புளித்த இட்லி மாவு மாதிரி பொங்கி இரண்டு பங்காகிவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். அதனால் சமாதானமாக இழுத்து, சமாதானமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வேகமாக ஏறவும் கூடாது. சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்குகிறதே, அப்படி ரத்தத்தில் குமிழி உண்டாகிவிடுமாம். மெதுவாக ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மேலே வருகிறார்கள். இறங்கும்போது காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் 'பட்' என்று திறந்துகொள்ளும். வலிக்கிறவரைக்கும் காத்திருக்காமல், அடிக்கடி ஊதிக்கொண்டே இறங்க வேண்டும்.

தண்ணீருக்குள்ளே ஒரு பெண்ணாட்சி

பயிற்சியாளர் ஒருவர் என்னோடு, இன்னொருவர் மகனோடு. முதல் ஐந்து நிமிஷம் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மணல் சரிவில் புல் முளைத்த மாதிரி ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. கிட்டே போனதும் அத்தனையும் பொந்துக்குள் மறைந்துவிட்டது. விலாங்கு மீன்களாம்! வாலை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டி இரை தேடுமாம்.

அப்புறம் நீலத்துக்குள்ளிருந்து கப்பல் வந்தது. இரும்பு என்றே சொல்ல முடியாது. பவளமும் பஞ்சும் கடல் விசிறியும் போர்த்தியிருந்தது. பக்கத்தில் பாறை மீன்கள் நூற்றுக்கணக்கில், வெள்ளித்தட்டு சுழல்வது மாதிரி வட்டமடித்தன. என்னைச் சட்டை செய்யவே இல்லை. தண்ணீருக்குள் சிவப்பு நிறம்தான் முதலில் மங்குமாம். பழுப்பாகத் தெரிந்த கடற்பஞ்சின்மேல் பயிற்சியாளர் டார்ச் அடித்தார். குங்குமத்தைக் கொட்டினாற்போல் செக்கச்செவேல் என்று மாறிவிட்டது! கூடவே மகன் கையைத் தட்டுவது தெரிந்தது.

கடல் சாமந்திக்குள் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் குடும்பம் ஒன்று. பிள்ளைகளுக்கு 'நீமோ' என்றால் தெரியும். அதன் கதையைக் கேளுங்கள். எல்லாம் ஆணாகத்தான் பிறக்கும். கூட்டத்தில் பெரியது மட்டும் பெண். அவள்தான் வீட்டுக்குத் தலைவி. முட்டைகளுக்குக் காவல் இருந்து விசிறிவிடுவது பெரும்பாலும் அப்பா. தலைவி செத்துப்போனால், அந்த ஆணே பெண்ணாக மாறித் தலைமையை எடுத்துக்கொள்ளும்!

இன்னும் ஆழத்தில், கடல் விசிறியில், விரல் நகம் அளவுக்குக் குட்டிக் கடல்குதிரை இருப்பதைத் தம்பி பார்த்துவந்து சொன்னான். கடல்குதிரையில் பிள்ளை சுமப்பது அப்பாவேதான். இதைக் கரையில் சொன்னதும், "எனக்குப் பையைச் சுமக்கிறதே போதும்" என்றார் இவர்.

விடியற்காலையில் இறங்கினால் இன்னொரு காட்சி. தலையில் புடைப்புள்ள பெரிய கிளி மீன்கள் ராத்திரி கப்பலுக்குள் தூங்கிவிட்டு, சூரியன் வந்ததும் கூட்டமாக வெளியே கிளம்புமாம். ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வளரும். பவளத்தைக் கடித்துத் தின்று மணலாகக் கழிக்கும். நாம் நடக்கிற வெண்மணலில் கொஞ்சம் இந்த மீன் தந்ததுதான்!

மற்ற கப்பல்கள்

எல்லா மூழ்கிய கப்பலும் இப்படிச் சுலபமல்ல. நம் பக்கத்து இலங்கையில், மட்டக்களப்புக்கு அப்பால், 'ஹெர்மஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்தன. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 53 மீட்டர் ஆழம். நல்ல அனுபவம் உள்ளவர்கள் மட்டுமே போக முடியும்.

எகிப்தின் செங்கடலில் 'திசில்கார்ம்' கப்பல். 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மன் விமானம் குண்டு போட்டதில் மூழ்கியது. ஒன்பது பேர் பலி. 30 மீட்டர் ஆழத்தில் மோட்டார் சைக்கிள்களும் லாரிகளும் அடுக்கியபடியே இருக்கின்றனவாம். பார்க்க வந்தவர்கள் ஞாபகார்த்தம் என்று பாகங்களைப் பிய்த்துப் போயிருக்கிறார்கள். படகுக் கயிறுகளைக் கட்டிக் கட்டிக் கப்பலும் சேதமாகியிருக்கிறது. இறந்தவர்கள் இருந்த இடம் என்ற நினைப்பு வேண்டாமா?

தோழிகள் கவனத்துக்கு...

* உடல்நலப் படிவத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காதுக் கோளாறு இருந்தால் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

* கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. நாள் தள்ளிப்போயிருந்தாலும் வேண்டாம்.

* மாதவிலக்கு நாளில் இறங்கத் தடையில்லை. உடம்பு ஒத்துழைத்தால் போதும்.

* சளி, மூக்கடைப்பு இருந்தால் காது திறக்காது. அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

* கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள முகமூடி கேட்டு வாங்கலாம். கூந்தலை இறுக்கிப் பின்னிக்கொள்ளுங்கள். நகையெல்லாம் அறையிலேயே இருக்கட்டும்.

* பயிற்சியாளரின் சர்டிபிகேட்டைக் கேட்டுப் பாருங்கள். முதல்முறை என்றால் ஒருவருக்கு ஒருவர் வேண்டும் என்று வற்புறுத்துங்கள். பயம் வந்தால் கையைக் காட்டி மேலே வந்துவிடலாம். யாரும் கேலி செய்ய மாட்டார்கள்.

* இறங்கிய அன்றே விமானம் ஏறாதீர்கள். ஒரு தடவை இறங்கியிருந்தால் 12 மணி நேரமாவது, பல தடவை என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

* எதையும் தொடாதீர்கள், எடுக்காதீர்கள். ஒரு சாண் பவளம் வளர வருஷக்கணக்காகும். அந்தப் பவளத்தை நம்பி மீன், மீனை நம்பி அந்தச் சும்மாட்டுப் பெண்கள்.

* இந்தியர்களுக்கு பாலி விமான நிலையத்திலேயே விசா கிடைக்கிறது. கட்டணம் ஐந்து லட்சம் ரூபியா! மயக்கம் போடாதீர்கள், நம் பணத்தில் மூவாயிரத்துக்குள்தான். அங்கிருந்து துலாம்பெனுக்குக் காரில் சுமார் மூன்று மணி நேரம். மே முதல் அக்டோபர்வரை மழை குறைவு.

* தண்ணீருக்குள் போக மனசில்லையா? முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்துகொண்டே கப்பலின் மேல்பகுதியைப் பார்க்கலாம். இவர் டாக்டர் யோசனை கேட்டுக்கொண்டு அடுத்த முறை அதைச் செய்யப்போகிறாராம்.

ஊருக்குப் போன் போட்டுச் சொன்னபோது என் மாமியார் முதலில் திட்டினார். "பொம்பளப் புள்ள, ஏதாவது ஆயிருந்தா?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, உள்ள என்ன இருந்துச்சு, சொல்லு" என்றார். அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்களில் யாராவது இப்படித் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறீர்களா, தோழிகளே? இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். இல்லையென்றால், அடுத்த தடவை கடற்கரைக்குப் போகும்போது, பையைக் கொஞ்ச நேரம் அவரிடம் கொடுத்துப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, தூத்துக்குடி